விற்க மறுத்த சவுரிக் கடை

பின்னலோடு சேர்த்துக் கட்டும் சவுரிமுடி விற்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வேலூர் லாங் பஜாரில் நுழைந்து, மிளகாய் நெடி மூக்கில் ஏறும் இடத்தைத் தாண்டியதும் ஒரு சந்து பிரியும். சந்துக்குள் ஈயம் பூசும் கடை, அதையடுத்துப் பூட்டியே கிடக்கும் ஒரு கதவு, அதற்கும் அடுத்து ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பியில் கறுப்பாக இரண்டு சடை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். தொங்காவிட்டால் வந்த வழியே திரும்பிவிடலாம்; கதவைத் தட்டிப் பயனில்லை. ‘சவுரிக்கார அக்கா’ என்று கேட்டால் ஈயம் பூசுபவர் கை நீட்டமாட்டார், முகவாயால் காட்டுவார். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது கண்ணாடிக்காக.

எனக்கு வயது 53. பிறந்தது குடியாத்தம், வாழ்க்கைப்பட்டது காட்பாடி. காந்தி நகரில் 26 ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறேன். ரவிக்கை தைப்பவளுக்குப் பெண்களின் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். கழுத்து இறக்கம் அளக்கும்போது பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்வேன். அப்படி எடுத்துப் போட்ட பின்னல்கள் கைத்தடிமனிலிருந்து விரல்தடிமனாகி, விரலிலிருந்து எலிவாலானதைப் பல வீட்டுப் பெண்களிடம் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒன்றும் சொன்னதில்லை. அளவு நோட்டில் மார்பும் இடுப்பும்தான் எழுதுகிறோம், பின்னலை யார் எழுதுகிறார்கள்? என் பின்னலின் அளவும் எனக்குத் தெரியாமலே போனது.

அதைத் தெரிவித்தவர், உதிர்ந்த முடியை எடைக்கு வாங்க வரும் சிக்குமுடிக்காரர். தலை வாரும்போது விழுவதைச் சுருட்டிச் சேர்த்துவைப்பது எங்கள் ஆயா காலத்துப் பழக்கம். ஆயா கூரை எரவாணத்தில் செருகிவைப்பாள். நான் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஜன்னல் மேல் வைக்கிறேன். அந்த டப்பா நிரம்ப முன்பெல்லாம் ஆறேழு மாதமாகும். எனக்கு 49 வயதில் மாதவிடாய் நின்றது. அதற்குப் பிறகு டப்பா சீக்கிரம் சீக்கிரம் நிரம்பியதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 2023 தீபாவளிக்கு முன்பு, இரண்டே மாதத்தில் நிரம்பிய டப்பாவை அவர் தராசில் கொட்டிவிட்டு, “வீட்டில் இரண்டு பேர் முடியா அம்மா?” என்று கேட்டார். ஒருத்தி முடிதான். எப்போதும் கொடுப்பதைவிட நாற்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனார். வரும்படி கூடியதற்காக நான் அழுதது அன்று ஒரு நாள்தான்.

முடி போனதையாவது முந்தானையை இழுத்துப் போர்த்தி மறைக்கலாம். அரிப்பை என்ன செய்வது? உச்சியில் எறும்பு ஊர்கிற மாதிரி தொடங்கி, மத்தியானத்துக்குள் எரிச்சலாகிவிடும். காதுக்குப் பின்னால் மஞ்சள் செதில். தையல் மிதியில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி உச்சிக்கு ஏறும். கழுத்தெல்லாம் வேர்த்து வழியும். அடங்கியதும் அரிப்பு இரட்டிப்பாகும். சாக்பீஸ் பென்சிலின் முனையால் சொறிந்து சொறிந்து வகிட்டையொட்டி இரண்டு இடத்தில் புண்ணாகிவிட்டது. ஒரு கல்யாணப் பெண்ணின் கரும்பச்சைப் பட்டு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தபோது, அந்தப் பெண் தோள்பட்டையைத் தட்டிவிட்டு, “மாவு சிந்தியிருக்கிறது போலிருக்கிறது அத்தை” என்றாள். மாவுதான் என்று சொல்லிவிட்டேன்.

வயதானால் தலை வறண்டுபோகும், எண்ணெய் போதவில்லை என்பது என் முடிவு. கரிசலாங்கண்ணிச் சாறு, செம்பருத்தி, வெந்தயம், கொஞ்சம் கறிவேப்பிலை போட்டு ஆயா கைப்பக்குவத்தில் காய்ச்சி, இரவு சொட்டச் சொட்ட வைத்துக்கொண்டு படுத்தேன். தலையணை உறை ஊறியது, அரிப்பு குறையவில்லை. இன்னும் வைத்தேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ஆறு உண்டு தண்ணீரில்லை, கோட்டை உண்டு ராஜாவில்லை, கோயில் உண்டு சாமியில்லை என்று நீளும். அதன் வாலில் ‘தலை உண்டு முடியில்லை’ என்று நானே சேர்த்துச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறே இரு கரையும் தொட்டு ஓடியது. நம் தலைக்கு மட்டும் வழியிருக்காதா என்று கிளம்பினேன்.

முதலில் போனது முடி வளர்த்துத் தருவதாகச் சொன்ன ஒரு மையத்துக்கு. பெயர் வேண்டாம். ஏசி, தண்ணீர் பாட்டில், நாலா பக்கமும் கண்ணாடி. தலையைப் படமெடுத்துப் பெரிய திரையில் காட்டினார்கள். என் வகிடு நான்கு வழிச் சாலை மாதிரி இருந்தது. எட்டு அமர்வு, 38,000 ரூபாய், இன்றே கட்டினால் தள்ளுபடி. அந்தப் புண்ணைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. யோசிக்கிறேன் என்று எழுந்தேன். வெறுங்கையோடு அனுப்பக்கூடாதென்று 1,150 ரூபாய்க்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைத் தலையில் கட்டினார்கள்.

சவுரிக் கடைக்குப் போனது 2024 தை மாதம். ஒரு சவுரி வைத்துப் பின்னிக்கொண்டால் கதை முடிந்தது என்ற எண்ணம். உள்ளே ஒரு கோரைப்பாய், ஒரு பெஞ்சு, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் முடி. மூலையில் சீவிய முடியைக் கட்டு கட்டாக நூலால் கட்டி, துணி மூட்டையில் வைத்திருந்தார். அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்குச் சடை, கல்யாணப் பெண்களுக்குச் சவுரி, தெருக்கூத்துக்காரர்களுக்கு டோப்பா, எல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்து அவர் கையால் செய்வது. உதவிக்கு மருமகள்.

“எவ்வளவு நீளம் வேண்டும்?” என்று கேட்கவில்லை. “உட்காரு பாப்பா, கொண்டையை அவிழ்” என்றார். ஐம்பத்துமூன்று வயதில் பாப்பா! வெளிச்சம் வரும் பக்கம் என் தலையைத் திருப்பிவைத்து, சீப்பின் காம்பால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“இந்தத் தலைக்கு நான் சவுரி கொடுக்கமாட்டேன்.”

“ஏன் அக்கா?”

“சவுரி நூற்றைம்பது கிராம் இருக்கும். அது உன் முடியைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கவேண்டும். நாலு மாதத்தில் இருப்பதையும் பிடுங்கிக்கொண்டு வரும். அதுவும் புண்ணின் மேல் கட்டினால் சீழ் வைக்கும். முதலில் தலையைப் பார், அப்புறம் முடியைப் பார். அடுக்கம்பாறைக்குப் போய் தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு வா. சவுரி எங்கே ஓடிப்போகிறது?”

வாசலுக்கு வந்த பணத்தைத் திருப்பி அனுப்பிய கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. துணி தைக்கும் நானே சுருங்கும் துணியென்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறேன்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேலூரிலிருந்து கணியம்பாடி போகும் வழியில் இருக்கிறது. பாகாயம் தாண்டினால் வந்துவிடும். தோல் பிரிவில் பார்த்தது என் மகள் வயதுள்ள ஒரு டாக்டர். ஐம்பது அறுபது முடியைச் சேர்த்து இரு விரலில் பிடித்து மெல்ல உருவினார். எத்தனை கையோடு வருகிறது என்று எண்ணினார். விளக்கு வைத்த சின்ன லென்ஸை வகிட்டில் வைத்துப் பார்த்தார். முன்நெற்றிக் கோட்டையும் புருவத்தையும் தனியாகத் தடவிப் பார்த்தார். மாதவிடாய் நின்ற பெண்களில் சிலருக்கு நெற்றிக் கோடே பின்வாங்கும், புருவமும் உதிரும், அது மயிர்க்காலையே தழும்பாக்கிவிடும் வேறு நோய், அதற்குத் தாமதிக்கக்கூடாது என்று பிறகு விளக்கினார். எனக்கு அது இல்லை. கோடு அங்கேயே இருக்கிறது, உச்சியில்தான் முடி மெலிந்திருக்கிறது.

எனக்கு இருந்தவை இரண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இதைத்தான் இத்தனை நாள் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். அரிப்பும் மஞ்சள் செதிலும் பொடுகின் முற்றிய வடிவம். எல்லார் தலையிலும் குடியிருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை, எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. ஆயா எண்ணெயை ஊற்றி ஊற்றி அதற்கு நான் விருந்து வைத்திருக்கிறேன். ஆயாவின் மேல் குற்றமில்லை. அவளுக்கு இந்தப் பொடுகு இருந்திருக்காது. முடி மெலிவு வேறு. ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். நாள் ஒன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு விழுவது எல்லாருக்கும் உள்ளதுதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை அந்த வளரும் காலத்தை இழுத்துப் பிடித்திருக்கும். அது வற்றியதும் வளரும் காலம் குறுகுகிறது. விழுந்த இடத்தில் முளைப்பது முன்பைவிட மெல்லியதாக முளைக்கிறது. ஆறாம் நம்பர் நூல் இருந்த இடத்தில் அறுபதாம் நம்பர் நூல் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, “அதேதான் அம்மா” என்றார்.

தைராய்டு, இரும்புச்சத்து பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். நான் பயோட்டின் விழுங்குவதை ஃபோனில் கேட்ட என் மகள் கத்தினாள். அவள் பார்மசி படித்தவள், ராணிப்பேட்டையில் மருந்துக்கடையில் வேலை. அந்த மாத்திரை ரத்தத்தில் இருந்தால் தைராய்டு கணக்கையே தப்பாகக் காட்டிவிடுமாம். டாக்டரிடம் சொன்னபோது, நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். தைராய்டு சரியாக இருந்தது, இரும்பு கொஞ்சம் குறைவு. மாதவிடாய் நின்றவளுக்கு இரும்பு ஏன் குறையவேண்டும் என்று வயிற்றைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மாத்திரை எழுதினார்.

பூஞ்சைக்கான ஷாம்பூ: கீட்டோகொனசோல் 2 சதவீதம். நான் வாங்கியது 100 மில்லி, 290 ரூபாய். வாரம் இரண்டு நாள், நான்கு வாரம். இதைத் தலைமுடிக்குப் போடுவது போலப் போட்டுக் கழுவினால் காசு சாக்கடைக்குத்தான். தோலில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிடம் அப்படியே விடவேண்டும். ஐந்து நிமிடம் குளியலறையில் சும்மா நிற்பது எவ்வளவு நேரம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். நான் அந்த நேரத்தில் மறுநாள் தைக்கவேண்டிய துணிகளை மனதில் வெட்டிக்கொண்டிருப்பேன். இரண்டாவது வாரம் செதில் நின்றது. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், மூன்று ரவிக்கைக்குக் கை வைத்து முடித்தபிறகுதான், காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தலையில் கை போகவில்லை என்று உறைத்தது. முடி கொஞ்சம் முரடாகும். நுனியில் மட்டும் கண்டிஷனர் போட்டால் போதும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் நுரை வருவதில்லை. அதனால் கடைசி இரண்டு செம்பு மட்டும் குடிநீர். இப்போது பதினைந்து நாளைக்கு ஒருமுறை போடுகிறேன். இந்தப் பட்டியலிலேயே கொடுத்த காசுக்கு முழுதாக வேலை செய்தது இதுதான்.

சாயத்தையும் நிறுத்தினேன். பத்து ரூபாய் பாக்கெட் கறுப்புச் சாயம் பூசிய இரண்டாம் நாள் காது மடல் வீங்குவதை நான் ‘சூடு’ என்றே சொல்லிவந்தேன். பாரா ஃபினைலின் டையமின் என்ற பொருள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் அட்டையின் பின்புறத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்.

முடி முளைக்கத் தலையில் தடவும் மருந்து: மினாக்ஸிடில் 5 சதவீதம், 60 மில்லி, 640 ரூபாய், இரண்டு மாதத்துக்கு வரும். இதற்கு ஒரு கதை உண்டு, மகள் சொன்னது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாகக் கொடுத்தவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்து, தலைக்குத் திருப்பிவிட்ட மருந்தாம். அமெரிக்காவில் தலையில் தடவ 1988-ல் ஆண்களுக்கும், 1991-ல் பெண்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். புண் ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்று டாக்டர் ஒரு மாதம் காக்கவைத்தார். இதயக் கோளாறு, ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளாமல் தொடவேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் சொல்லாமல் விடுவதைச் சொல்கிறேன். தொடங்கிய சில வாரத்தில் முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டக்கூடும். எனக்கு ஒரே வாரத்தில் பாதி டப்பா சேர்ந்தது. சும்மா கிடந்த முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புகிறது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் பாட்டிலைக் குப்பையில் எறிந்திருப்பேன். அப்படி எறிந்த பெண்கள் என் வாடிக்கையாளர்களிலேயே மூன்று பேர். அடுத்தது, படுக்கப்போகும் நேரத்தில் தடவாதீர்கள். நான் தடவிவிட்டு உடனே படுத்தேன். தலையணை வழியாக முகத்துக்கு வந்து, காதோரம் பூனைமயிர் முளைத்துவிட்டது. இப்போது ஏழு மணிக்கே தடவிவிட்டு, காய்ந்தபிறகு படுக்கிறேன். காதோரம் சரியாகிவிட்டது. பூனைமயிர் என்றதும் நினைவுக்கு வருகிறது: நிஜப் பூனை வளர்ப்பவர்கள் பாட்டிலையும் தலையணையையும் அதற்கு எட்டவிடாதீர்கள், இந்த மருந்து பூனையைக் கொன்றுவிடும். எங்கள் கடைப் பூனை துணிக்கழிவின் மேல்தான் தூங்குகிறது, நான் அதைத் தொடுமுன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுகிறேன்.

ஐந்தாம் மாதம் வகிட்டோரம் குஞ்சு முடி எழும்பியது. எண்ணெய் போடாததால் வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்றது. வகிடு இப்போது நான்கு வழிச் சாலையில்லை, இரு வழிச் சாலை. ஒற்றையடிப் பாதையாக இனி ஆகாது. நிறுத்தினால் சில மாதத்தில் வந்ததெல்லாம் போய்விடும் என்பதும் உண்மை. இரண்டு மாதத்துக்கு 640 ரூபாய் ஆயுசுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். இது மூன்று நட்சத்திரம்.

சவுரிக் கடைக்குத் திரும்பிப் போனது பங்குனிக் கடைசி. புண் ஆறிவிட்டது, மருந்து முடி இன்னும் முளைக்கவில்லை, வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பிறந்த வீட்டார் மொத்தமும் கூடும் நாள். அம்மனின் சிரசையே ஊர் கூடித் தூக்கிக்கொண்டு வரும்போது என் சிரசு இப்படியா இருக்கவேண்டும்?

அக்கா மறுபடி தலையை அவிழ்க்கச் சொன்னார். இந்தத் தடவை சீப்புக் காம்போடு நிறுத்தாமல் விரலாலும் அழுத்திப் பார்த்தார். “ம்” என்றார். சவுரி வேண்டாம், உச்சிக்கு மட்டும் ஒரு மேல்வலை கட்டித் தருகிறேன் என்றார். சின்னப் பிள்ளைகள் ‘டாப்பர்’ என்கிறார்களே, அது. நான்கு அங்குலத்துக்கு ஐந்து அங்குல வலைத்துணியில் முடியைக் கோத்து, அடியில் நான்கு கிளிப். மொத்தம் நாற்பது கிராம்தான்.

இனி சொல்வது தையல்காரி பேச்சு. அந்த வலையில் முடியை ஏற்றுவது ஒரு கொக்கி ஊசியால். நாங்கள் ஆரி வேலைக்கு வைத்திருக்கும் ஊசிக்குத் தங்கை என்று சொல்லலாம், இன்னும் மெல்லியது. வலையின் ஒரு கண்ணில் ஊசியை விட்டு, ஒன்றோ இரண்டோ முடியை மடித்து இழுத்து, முடிச்சுப் போட்டு, அடுத்த கண்ணுக்குப் போகவேண்டும். முன்வகிட்டில் ஒற்றை முடி, பின்னால் போகப் போக இரண்டு, மூன்று. ஒற்றை முடியாகப் போட்டால்தான் அது தோலிலிருந்து முளைத்த மாதிரி தெரியும். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுகூட நிரம்பவில்லை. வலையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன்: மடிப்பு இரட்டை, பிசிறு இல்லை, தையல் உள்பக்கம் உறுத்தாமல் நாடா வைத்து மூடியிருந்தது. என் லைனிங் ரவிக்கைக்கு நான் அவ்வளவு செய்வதில்லை.

அசல் முடிதானா என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொண்டேன். பட்டா பாலியெஸ்டரா என்று தெரிய நாங்கள் ஓர் இழையைக் கொளுத்துவோம். பட்டு என்றால் இறகு கருகும் நாற்றம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி மணியாகச் சுருளும். மூட்டையிலிருந்து ஒரு முடி கேட்டேன். அக்கா தீப்பெட்டியோடு கொடுத்தார். பட்டு நாற்றம்தான், சாம்பல்தான். அடுத்து அவர் ஒரு வித்தை காட்டினார். ஒரு கட்டு முடியை என் விரலிடுக்கில் வைத்து வேரிலிருந்து நுனிக்கு உருவச் சொன்னார்; வழுக்கிக்கொண்டு போனது. நுனியிலிருந்து வேருக்கு உருவச் சொன்னார், சொரசொரவென்று தடுத்தது. முடியில் மீன் செதில் மாதிரி ஒரே திசையில் அடுக்கு இருக்கிறது. காணிக்கை முடி மொத்தமாக ஒரே திசையில் கட்டி வருவதால் செதில்கள் மோதாது, சிக்காது. சிக்குமுடியைப் பிரித்துச் செய்தது தலைகீழும் நேருமாகக் கலந்திருக்கும், மூன்றாம் நாளே பந்தாகிவிடும். மலிவான சவுரி ஏன் கூடு கட்டுகிறது என்பது இப்படித்தான் புரிந்தது. எட்டு வயதில் திருமலையில் கல்யாணகட்டாவில் நான் இறக்கிக் கொடுத்த முடி யார் தலையில் ஏறியதோ என்றும் நினைத்துக்கொண்டேன்.

நரை கலந்து வேண்டும் என்றேன். முழுக்கக் கறுப்பாக வைத்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். மூன்று பங்கு கறுப்பு, ஒரு பங்கு நரை. நரைக்குத் தனி விலை, 600 ரூபாய் கூடுதல். வாழ்நாளெல்லாம் காசு கொடுத்து மறைத்ததைக் காசு கொடுத்து வாங்கினேன். மொத்தம் 6,400. பாதி முன்பணம்.

பத்து நாள் என்றார், பத்தொன்பது நாளாயிற்று. காரணம் கூத்துக்காரர்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் பருவம். டோப்பா கேட்டு ஆரணி, செய்யாறு பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். நான் விசாரிக்கப் போன ஒரு நாள், திரௌபதி வேடம் கட்டும் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மீசையை மழித்த ஐம்பது வயது ஆள். இடுப்புக்குக் கீழே தொங்கும் விரிகூந்தலை வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சிலுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். படுகளத்தன்று துரியோதனன் மண் உருவத்தின் மேல் ஏறி அந்தக் கூந்தலை அள்ளி முடியும்வரை அது கழன்று விழக்கூடாது. “ஊர் முழுக்கப் பார்க்கிற கூந்தல், அதை முதலில் முடித்துவிடுகிறேன், பொறுத்துக்கொள் பாப்பா” என்றார் அக்கா. திரௌபதிக்கு முன்னால் நான் என்ன வாதாடுவது?

சிரசுத் திருவிழாவன்று போட்டுக்கொண்டு போனேன். மே 14, கத்திரி வெயில், கூட்டத்தில் தேங்காய் சிதறிக்கொண்டிருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை அசையவில்லை. பதினொன்றுக்குமேல் உச்சியில் அடுப்பு. வலைத்துணி காற்று விடும் என்று அக்கா சொன்னது வேலூர் மார்கழிக்குச் சரி, கத்திரிக்குச் சரியில்லை. அத்தோடு என் சூடும் குப்பென்று ஏற, அண்ணன் வீட்டு அடுக்களைக்குப் போய்க் கழற்றி, டிபன் டப்பாவில் வைத்துவிட்டேன். அண்ணி பார்த்தாள். நாலு விநாடி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் கொண்டையை அவிழ்த்துக் குனிந்து, தன் உச்சியைக் காட்டினாள். கடை விலாசம் கேட்டாள். அவளுக்கும் முதல் நடையில் அக்கா விற்கவில்லை. அவள் கிளிப்பைக் குத்தும் இடத்தில் தாங்கும் அளவுக்கு முடி இல்லையாம்.

பயன்படுத்துபவர்களுக்கு: தினமும் ஒரே இடத்தில் கிளிப் குத்தாதீர்கள், அந்த இடம் சொட்டையாகிவிடும். ஆறேழு மணி நேரத்துக்குமேல் வேண்டாம், படுக்கும்போது கழற்றவேண்டும். நான் வெளியே போகும் நாளில் மட்டும் போடுகிறேன், கடையில் மிதியின் முன் வெறுந்தலைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்காவிடம் கொடுத்தால் அலசி, அறுந்த முடிச்சுகளைக் கட்டித் தருகிறார், 150 ரூபாய்.

குறைகள். உள்ளே ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் நடுவில் விரிசல். ஒரு பாதி முகம் மேலே, ஒரு பாதி கீழே. பின்பக்கம் பார்க்க இன்னொரு கண்ணாடி இல்லை. பின்பக்கத்தைப் பார்க்க முடியாத சவுரிக் கடை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். ரசீது கிடையாது. போட்டுப் பார்க்க ஒரு போர்வையைக் குறுக்கே கட்டியிருக்கிறார்கள், ஆண்கள் உட்காரும் பெஞ்சு அதற்கு இரண்டடி தள்ளி. பதினொரு மணிக்கு முன் திறப்பதில்லை, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குமேல் இல்லை.

ஆடியில் போங்கள், கல்யாணக் கூட்டமும் இருக்காது, கூத்துக்காரர்களும் இருக்கமாட்டார்கள். தலையைக் கழுவி, எண்ணெய் இல்லாமல் போங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். அளவுநாடாவை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். அவரிடம் இருப்பது முதல் இரண்டு அங்குலம் எண் தேய்ந்துபோனது. நான் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆணியில் சடைகளோடு சேர்த்து மாட்டிவைத்துவிட்டு, பழையதாலேயே அளக்கிறார்.